எது பிள்ளை, எது சீக்கு

கருங்கல் ஊர்ச் சந்தையில் லீமாவின் வாயை நம்பி மீன் வாங்கியவர்களும் உண்டு, அந்த வாய்க்குப் பயந்து வாங்கியவர்களும் உண்டு. இனயம் கடற்கரையிலிருந்து காலையில் ஆட்டோவில் வந்து இறங்கி, அலுமினியச் சருவத்தைத் தரையில் வைத்து மூடிய துணியை விலக்குவதற்குள் அவள் பேச்சு தொடங்கிவிடும். "நேத்து மீனா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும்.

"கண்ணப் பாரும். ஒம்மப் பாத்து முழிக்கியது தெரியல்லியா?" என்பாள்.

ஐஸில் கிடந்து வெளுத்துப்போன அயிலையாக இருந்தாலும், அவள் வாயில் அது இப்போதுதான் கரையேறியது. இதைப் பொய் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. விற்கிறவளே குறை சொன்னால் வாங்குகிறவனுக்கு என்ன வேலை என்பது அவள் கட்சி. இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி, இப்போது அவள் யோசிக்கவே வேண்டாம், நாக்கு தன்பாட்டில் சொல்லிவிடும். அதே நாக்கு ஒருநாள் டாக்டர் முன்னாலும் தன்பாட்டில் சொல்லிவிட்டது. அதனால் வந்த குழப்பம்தான் இது.

லீமாவுக்கு ஒரே மகள், அபினா. எட்டாம் வகுப்பு. புருஷன் ததேயுஸ் தேங்காய்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகில் வேலை. போனால் ஒரு மாதம், சிலநேரம் இரண்டு மாதம். அபினாவுக்கு ஆறு வயதில் அந்தக் காய்ச்சல் வந்தபோதும் அவன் கடலில்தான் கிடந்தான். முதல்நாள் தலைவலி என்றாள் பிள்ளை. மறுநாள் தாயை அடையாளம் தெரியவில்லை. அன்று மாலையே கையும் காலும் வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரியில் வைரஸ் என்றார்கள், மூளையில் ஏறிவிட்டது என்றார்கள், கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். லீமா இந்தப்பக்கம் தரையில் உட்கார்ந்து புனித அந்தோனியாரிடம் பேரம் பேசினாள். பிள்ளை எழும்பி நடந்தால் செவ்வாய்க்கிழமை உம்முடைய குருசடிக் கோயிலில் ஊருக்குக் கஞ்சி ஊற்றுகிறேன், மைக் பிடித்துச் சாட்சி சொல்லுகிறேன்.

பிள்ளை எழும்பி நடந்தாள். வீட்டுக்கு விடும்போது அங்கிருந்த டாக்டர் ஒருபாடு விஷயம் சொன்னார். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் மூளையைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. பின்னால் படிப்பிலோ குணத்திலோ மாற்றம் வரலாம், வலிப்பு திரும்பவும் வரலாம், அடிக்கடி கொண்டுவந்து காட்ட வேண்டும். லீமா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். டாக்டர்மார் எதையும் நன்றாகிவிட்டது என்று முழுசாகச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவர்கள் பிழைப்பு என்னாவது?

அடுத்த செவ்வாய்க்கிழமையே கஞ்சி ஊற்றினாள். குருசடியில் ஜெபம் நடத்துகிற தேவகனியக்கா மைக்கை நீட்டினாள். லீமா பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னாள்: "எம் பிள்ளைக்கி முழுசா சொகமாயிட்டு. ஒரு துளி மிச்சமில்ல!" கூட்டம் கைதட்டியது. கஞ்சியில் பயறு கொஞ்சம் வேகாமல் போயிருந்தது, அதையும் யாரும் குறை சொல்லவில்லை.

அந்தச் சாட்சிக்குப் பிறகுதான் அபினா கொஞ்சம் கொஞ்சமாக வேறு பிள்ளையானாள்.

முன்பெல்லாம் அடித்தாலும் சிரிக்கிற பிள்ளை. இப்போது சோற்றில் குழம்பு கூடிப்போனதற்குக் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தாள். நேற்றுத் தெரிந்த வாய்ப்பாடு இன்று தெரியாது. கடைக்குச் சீனி வாங்க அனுப்பினால் பாதி வழியில் நின்று, "நான் எங்க போறேன்?" என்று எதிரே வருகிறவர்களிடம் கேட்டாள். சிலநேரம் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். திமிர் என்று சொல்லி முடித்துவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. சில நாட்களில் அந்தோனியார் மன்றாட்டு முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் பாடினாள். சில நாட்களில் தாயின் தலையில் பேன் பார்த்துக்கொண்டே, சந்தையில் யார் யார் என்ன பேசினார்கள் என்று அப்படியே நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தாள். அப்படியானால் மற்ற நாளில் ஏன் முடியவில்லை? வேண்டுமென்றால் முடிகிறது, வேண்டாமென்றால் முடியவில்லை என்றுதானே அர்த்தம்? வகுப்பு டீச்சரும் அதைத்தான் சொன்னாள், "இவ நடிக்கியா."

சுகமாகிவிட்டது என்று ஊருக்கே சொன்னவள் வேறு என்ன நினைக்க முடியும்? பிள்ளைக்கு வயசாகிறது, அப்பன் பக்கத்தில் இல்லை, செல்போன் வேறு. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் சரியாக ஒட்டவில்லை.

ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் பிள்ளையையும் கூட்டிப் போனாள். நல்ல வியாபாரம். சருவத்தில் நாலைந்து பாரை மீன்தான் மிச்சம். "பாத்துக்கோ மக்கா, நான் ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள், டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பூனை சருவத்துக்குள் தலையை விட்டு, பெரிய பாரையாகப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. அபினா அதன் முன்னாலேயே நின்றாள். பூனையைப் பார்க்கிற மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. பக்கத்துக் கடைக்காரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

லீமா ஓடி வந்த வேகத்தில் மகளின் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

அபினா திரும்பவில்லை. கண்ணைச் சிமிட்டவில்லை. வாயில் ஒன்றுமே இல்லாமல் எதையோ மென்றுகொண்டிருந்தாள். வலது கை பாவாடை விளிம்பை நுள்ளிக்கொண்டே இருந்தது. கன்னத்தில் விரல் ஐந்தும் சிவந்து எழும்புகிறது, பிள்ளை பாட்டுக்கு மென்றுகொண்டு நிற்கிறாள்.  அடித்தது தான்தானா, அடி பட்டது இவள்தானா என்று ஒரு கணம் லீமாவுக்கே புரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அபினா மெல்லச் சுற்றும் முற்றும் பார்த்தாள். கையைத் தூக்கிக் கன்னத்தைத் தொட்டாள்.

"அம்மா, எனக்க கன்னம் எரியுது. என்னவாக்கும்?"

லீமா சருவத்தைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு பிள்ளையை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். மிச்ச மீன் பூனைக்கு.

திங்கட்கிழமை நாகர்கோவிலில் நரம்பு டாக்டரிடம் போனார்கள். தனியாகப் போகப் பயந்து தேவகனியக்காவைத் துணைக்குக் கூட்டிப் போனதுதான் லீமா செய்த தப்பு. தேவகனியக்கா நல்லவள்தான். ஆனால் குருசடியில் மைக்கை நீட்டியவளும் அவள்தானே! டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"சின்ன வயசுல ஏதாவது பெரிய காய்ச்சல் வந்ததா?"

லீமாவின் கண் தேவகனியக்கா பக்கம் போனது. தேவகனியக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். ஆமா என்றால் அந்தச் சீக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அவள் முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"இல்ல."

"வலிப்பு? ஆஸ்பத்திரியில படுத்தது?"

"எம் பிள்ளைக்கி ஒரு கேடும் இல்ல டாக்டரே. பெறந்ததுல இருந்து நல்ல பிள்ளையாக்கும். பாட்டெல்லாம் படிப்பா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சந்தையில் வருகிற அதே வார்த்தைகள், அதே ராகம். ஒரு குறையும் இல்லாத மீனைக் கொண்டுவந்து எதற்கு டாக்டர் மேஜையில் வைக்க வேண்டும்? அதைக் கேட்க அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. சந்தையில் நின்ற நிலையை விவரமாகச் சொல்லவும் லீமாவுக்கு வாய் வரவில்லை, சொன்னால் அடித்ததையும் சொல்ல வேண்டும். "இவ சும்மா நின்னுட்டே இருக்கியா" என்று மட்டும் சொன்னாள். இந்த வயசில் பிள்ளைகளுக்கு மனசு அலையும், திட்டாதீர்கள், தூங்க வையுங்கள் என்று சொல்லி டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பவும் அப்படி நின்றால் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்.

பஸ்ஸில் தேவகனியக்கா, "பாத்தியா, அந்தோனியார் குடுத்த சொகம் பாதியில நிக்குமா?" என்று சந்தோஷப்பட்டாள். லீமாவும் சந்தோஷப்பட முயற்சி செய்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல சேதியோடு வருகிறவளுக்கு எதற்கு இப்படிப் பயம் வர வேண்டும் என்றுதான் விளங்கவில்லை.

அவளுடைய பயம் சாட்சி பொய்யாகிவிடும் என்கிற மானக்கேடு மட்டும் அல்ல. வாங்கியதைக் குறை சொன்னால் கொடுத்தவர் திருப்பி எடுத்துக்கொள்வாரே என்பது. சந்தையில் அப்படித்தான். மீன் சரியில்லை என்று முணுமுணுக்கிறவளிடம் லீமாவே மீனைப் பிடுங்கிச் சருவத்தில் போட்டிருக்கிறாள். மிச்சம் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லி, அந்தோனியாரும் அப்படிப் பிடுங்கிக்கொண்டால்?

அந்த மாதக் கடைசியில் ததேயுஸ் வந்தான். கறுத்து மெலிந்து, நடக்கும்போது இன்னும் படகில் நிற்கிற மாதிரி ஆடிக்கொண்டு வந்தான். மகளுக்கு வாங்கி வந்த வளையலை நீட்டினான். அபினா வாங்கிப் போட்டுக்கொண்டாள், முத்தம் கொடுத்தாள். அரைமணி நேரம் கழித்து, "அப்பா, எனக்கு என்ன வாங்கிட்டு வந்திய?" என்று கேட்டாள். வளையல் கையில் கிடக்கிறது.

அன்று பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போன நேரத்தில் அவன் பேச்செடுத்தான்.

"ஏட்டி, இவ ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி ஆகியாளே. நான் போனப்ப இருந்த பிள்ள இல்ல இது."

"நீரு கடல்ல கெடக்கியீரு. ஒமக்கு என்ன தெரியும்? கூடவே கெடக்கிய எனக்குத் தெரியாததா?"

"கூடவே கெடக்கியவளுக்குத் தெரியாது லீமா. விட்டுட்டு விட்டுட்டுப் பாக்கியவனுக்குத்தான் தெரியும். அந்தப் பழைய காய்ச்சல டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்" என்றாள் லீமா. நாக்கு திரும்பவும் முந்திக்கொண்டது. பிறகு, "சொல்லல்ல" என்றாள். பிறகு சண்டை பிடித்தாள். காய்ச்சல் வந்தப்ப நீரு எங்க இருந்தீரு, வலிப்பு வந்தப்ப யாரு தூக்கிட்டு ஓடினது, எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து கேள்வி கேக்கியீரா என்று கத்தினாள்.  அவள் கத்துவதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தால் பிள்ளைக்கு என்ன பிரயோசனம்?

கத்தி ஓய்ந்தபோது வாசலில் அபினா நின்றாள். எப்போது வந்தாளோ. பார்வை தெளிவாகத்தான் இருந்தது.

"அம்மா, எனக்குச் சீக்கு முழுசா போயிட்டுன்னு நீதானே மைக்குல சொன்னே?"

"ஆமா மக்கா."

"ஒரு துளி மிச்சமில்லன்னு?"

"ஆமா."

"அப்ப நான் மறக்கியது, கிண்ணத்தை எறியது, டீச்சர் கூப்பிட்டா கேக்காம நிக்கியது, அதெல்லாம் யாரு செய்யியது? நான் வேணும்னு செய்யல்லம்மா. எனக்கே தெரியல்ல. சீக்கு இல்லன்னா நான் கெட்ட பிள்ளையாத்தானே இருக்கணும்?"

சின்னப் பிள்ளை கணக்கு. ஆனால் கணக்கில் எங்கும் பிழை இல்லை. லீமா அதைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தாள், விடை மாறவில்லை. இத்தனை வருஷம் அந்தோனியாருடைய பேர் கெடாமல் தான் காப்பாற்றியதாக அவள் நினைத்திருந்தாள். கெட்ட பேர் முழுவதும் இந்தப் பிள்ளை தலையில் விழுந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபமும் வந்தது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய், மறுநாள் டாக்டரிடம் போட்டுப்போக வேண்டிய உடுப்பை எடுத்து வைத்தாள்.

இந்தத் தடவை தேவகனியக்காவைக் கூப்பிடவில்லை, ததேயுஸ்தான் கூட வந்தான். பஸ் ஏறும் முன் குருசடியில் ஒரு மெழுகுதிரி மட்டும் கொளுத்தினாள். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. "கோவிச்சுக்காதயும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் தொடங்கினாள்.

"டாக்டரே, போன தடவ நான் மீன் விக்கிய மாதிரி சொல்லிப்போட்டேன். எம் பிள்ளைக்கி ஆறு வயசுல மூளைக்காய்ச்சல் வந்தது. வலிப்பு வந்தது. ஐசியூல கெடந்தா. அப்புறமா ஒண்ணும் சரியில்ல. நான் அடிச்சேன், அடிச்சது அவளுக்குத் தெரியல்ல." பூனையையும் சொன்னாள், மென்றதையும் பாவாடையை நுள்ளியதையும் சொன்னாள்.  ததேயுஸ் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். திட்டவில்லை. "நானும் கொஞ்சம் நோண்டிக் கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

தலையில் வயர்களை ஒட்டி ஒரு சோதனை செய்தார்கள். குழாய் மாதிரி இருந்த மிஷினுக்குள் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். அதற்காக இன்னும் ஒருமுறை வர வேண்டியிருந்தது. கடைசியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, காதுக்கு உள்பக்கமாக ஓர் இடத்தைக் காட்டினார்.

"வைரஸ் எப்பவோ போயிட்டும்மா. சொகமாயிட்டுன்னு நீங்க நினைச்சதுல பொய் இல்ல. ஆனா அது இருந்த இடத்துல தழும்பு இருக்கு. அந்தத் தழும்புலயிருந்துதான் இது வருது. அப்படி அசையாம நிக்கிறதும் வலிப்புதான். கை கால் இழுத்தாத்தான் வலிப்புன்னு இல்ல. அந்த நேரம் அடிச்சாலும் தெரியாது, கூப்பிட்டாலும் கேக்காது. ஞாபகம் பிசகுறதும் கோபம் வர்றதும்கூட இதோட சேர்ந்ததா இருக்கலாம்."

"மாறுமா டாக்டரே?" என்று ததேயுஸ் கேட்டான்.

"மாத்திரை ஒழுங்கா போட்டா அப்படி நிக்கிறது குறையும், நின்னேபோகவும் செய்யலாம். ஒருவேளைகூட விடக்கூடாது. அடுப்புப் பக்கம், தண்ணிப் பக்கம் தனியா விடாதீங்க. படிப்புக்கு ஸ்கூல்ல பேசணும், நான் எழுதித் தர்றேன். எல்லாமே பழையபடி ஆகும்னு நான் சொல்ல மாட்டேன்."

முழுசாக நன்றாகிவிடும் என்று இவரும் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை லீமாவுக்கு அவர்மேல் சந்தேகம் வரவில்லை. அவளுக்குள் வேறொரு கேள்வி முட்டிக்கொண்டிருந்தது.

"அவ கோவப்பட்டா, அது சீக்கா, அவளா? எனக்கு எப்படித் தெரியும்? எது பிள்ள, எது சீக்கு?"

டாக்டர் படத்தை மேஜையில் வைத்தார். "சிலது எனக்கே தெரியாதும்மா. கோடு போட்டுப் பிரிக்க முடியாது. அவகிட்டயே கேளுங்க. சிலநேரம் அவளுக்குத் தெரியும்."

பெரிய டாக்டருக்கும் தெரியாது என்றால் மீன்காரிக்கு எப்படித் தெரியப்போகிறது? லீமா பிள்ளையோடு வெளியே வந்தாள். ததேயுஸ் மாத்திரை வாங்கப் போனான். அபினாவோ பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தலையில் தழும்பு இருக்கிறது என்று கேட்ட பிள்ளையா இது? புதுக் கம்மல் போட்டவள் மாதிரி இருந்தாள்.

"அம்மா, எனக்குச் சீக்குதானா?"

"ஆமா மக்கா."

"அப்ப நான் நடிக்கல்ல."

"இல்ல மக்கா. நீ நடிக்கல்ல."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் அபினா தானாகவே பேச்சுக் கொடுத்தாள். "எனக்கு மூளையில ஒரு தழும்பு உண்டு. சின்னதாக்கும். டாக்டரு காட்டினாரு." அந்தப் பெண் திகைத்துப்போய் லீமாவைப் பார்த்தாள். வாயைப் பொத்துவதா, பேசவிடுவதா என்று லீமாவுக்குத் தெரியவில்லை. கை மகளின் வாய்வரை போய், அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுத் திரும்பி வந்தது. ஊர் வந்து இறங்கியதும் அபினா நேரே தேவகனியக்கா வீட்டுக்கு ஓடி அங்கேயும் சொன்னாள். தேவகனியக்கா நெடுநேரம் கழித்து ஜெபமாலையோடு வந்து, "பிள்ள உசிரோட இருக்கியது பொய்யில்லல்லா லீமா?" என்று மட்டும் கேட்டாள். லீமா பொய்யில்லை என்றாள். 

மாத்திரை தொடங்கினார்கள். அப்படி அசையாமல் நிற்பது உடனே நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்துகொண்டு வந்தது. சீனி வாங்கப் போகிறவள் உள்ளங்கையில் பேனாவால் 'சீனி' என்று எழுதிக்கொண்டு போனாள். ததேயுஸ் மறுபடியும் கடலுக்குப் போய்விட்டான். அபினா முகத்தைச் சுளித்தால், குரலை உயர்த்தினால், எதையாவது மறந்தால், ஒவ்வொரு தடவையும் லீமா அப்படியே நின்றுவிடுவாள். திட்டினால் சீக்கைத் திட்டிவிடுவோமோ என்று பயம், திட்டாவிட்டால் பிள்ளை கெட்டுப்போவாளோ என்று பயம். சந்தையில் யாருக்கும் அடங்காதவள் தன் வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தாள்.

அப்படி ஒரு காலைநேரம். லீமா சந்தைக்குக் கிளம்புகிற அவசரத்தில் கட்டன் சாயாவில் சீனி போட மறந்துவிட்டாள். அபினா ஒரு வாய் குடித்தாள். "தூ, இதை நாய் குடிக்குமா!" என்று டம்ளரோடு சேர்த்துச் சுவரில் எறிந்தாள். சாயா சுவரெல்லாம் வழிந்தது, லீமா துவைத்து வைத்திருந்த சேலையிலும் தெறித்தது.

லீமாவின் கை தானாக உயர்ந்தது. உயர்ந்த கை நடுவில் நின்றுவிட்டது. அவள் மகளின் கண்ணைப் பார்த்தாள், வாய் மெல்லுகிறதா என்று பார்த்தாள், கை பாவாடையை நுள்ளுகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

அபினாவும் தாயின் கையைப் பார்த்தாள். தரையில் உருண்ட டம்ளரைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"அது நான்தாம்மா" என்றாள். "அடி."

லீமாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தூக்கிய கையைச் சும்மா இறக்கவும் மனமில்லை, பிள்ளை அவ்வளவு நேர்மையாக நிற்கிறாள். தோளில் பட்டும் படாமல் ஒன்று வைத்தாள்.

"ஆ!" என்று கத்தினாள் அபினா. கை எடுக்கும் முன்பே கத்திவிட்டாள், ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "எரியுதும்மா!"

"எரியுதா?" என்று லீமா கேட்டாள். "நல்லா எரியுதா மக்கா?"

"எரியாம?"

லீமா மகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அன்று சந்தைக்குப் போய்ச் சேர வெகுவாகத் தாமதமாகிவிட்டது.